இரக்கம் 300 மீட்டர்

எங்கள் ஏரியைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டருக்குச் சரளைக்கல் பாதை இருக்கிறது. மோட்டார் வண்டி எதற்கும் அதில் இடமில்லை. நுழைவாயிலில் இரும்புக் குழாய்களை வளைத்து ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். சைக்கிளையே இரண்டு முறை திருப்பி, ஒரு முறை சாய்த்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். ஒருநாள் அவசரக்காரர் ஒருவர் ஸ்கூட்டரோடு நுழையப் பார்த்து நடுவில் மாட்டிக்கொண்டார். அவரை வெளியே எடுக்க அத்தை முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அந்தத் தடுப்புக்கு எதிரே அவளுடைய வாடகை சைக்கிள் கடை. கடைக்குள் நுழைந்தால் முதலில் ரப்பர் வாசனை வரும், பிறகு கிரீஸ் வாசனை, கடைசியில் அத்தையின் குரல். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் உதவிக்கு என்று வந்தவள் நான். பள்ளி திறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். சைக்கிள்கள் கேள்வி கேட்பதில்லை. கடையில் எல்லாரும் என்னை 'பூச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில்லாப்பூச்சி என்பதன் சுருக்கம் அது.

ஏரிப் பாதை தட்டையானது. ஒருமுறை சுற்றியவர்கள், "அழகா இருக்கு, ஆனா தூக்கம் வருது" என்பார்கள். ஏரிக்குப் பின்னால் இருக்கும் மலைகளுக்கு ஒரு பழைய கல்குவாரிச் சாலை போகிறது. குவாரி மூடிப் பல வருடம் ஆயிற்று. ஒன்பது கிலோமீட்டர், நல்ல சரளை, ஐந்து ஏற்றம், ஐந்து இறக்கம். அதையும் ஏரிப் பாதையோடு சேர்த்துத் திறந்துவிட வேண்டும் என்று அத்தை இரண்டு வருடமாக ஏரி அலுவலகத்துக்கு நடந்தாள். அகல டயர் போட்ட ஆறு மலை சைக்கிள்களை முன்கூட்டியே வாங்கி, கடைக் கூரையில் தொங்கவிட்டிருந்தாள். வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறி அவற்றைத் துடைப்பது என் வேலை. அத்தை கீழே நின்று, பெண்ணுக்கு வரன் பார்க்கும் முகத்தோடு அவற்றை அண்ணாந்து பார்ப்பாள்.

கடைசியில் அலுவலகத்திலிருந்து இன்ஜினியரம்மா வந்தார். ஒல்லியானவர், அளந்து பேசுகிறவர். பாதையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பத்துப் பதினஞ்சு பேரோட நானும் ஓட்டிப் பார்க்கிறேன். போர்டு எல்லாம் நீங்களே எழுதி வைங்க. முதலுதவிப் பெட்டியைத் திறக்காம திரும்பி வந்தோம்னா குவாரிச் சாலை கேட் சாவி உங்களுக்கு. திறந்தோம்னா அடுத்த வருஷம் பேசிக்கலாம்."

"ஒரு சின்ன சிராய்ப்புக்கு?" என்று கேட்டாள் அத்தை.

"சிராய்ப்புக்கும் பெட்டியைத் திறந்துதானே ஆகணும்."

போர்டு எழுதும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மாமா அந்தக் குவாரியில் லாரி ஓட்டியவர். 'இந்த வளைவுல நான் ரிவர்ஸ்லயே போவேன்' என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்வார். பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர், அதையும் ஒவ்வொரு வளைவிலும் சொல்வார். தகரத்தில் எழுத்து வெட்டி ஸ்டென்சில் செய்தார். வெள்ளைப் பலகையில் அதை வைத்து நீலப் பெயின்ட் ஒற்றி எடுத்தால் போர்டு தயார். ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று.

இறக்கத்தின் ஸ்டென்சிலைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. 'இரக்கம் 300 மீட்டர்' என்று வெட்டியிருந்தார்.

நான் தகரத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தேன். மாமா என் முகத்தைப் படித்துவிட்டார்.

"என்ன பூச்சி பார்க்கிற? ர சின்னதா இருக்கேன்னா? அதுல ஒரு கணக்கு இருக்கு. ஏறுறது பெரிய விஷயம், அதனால ஏற்றத்துக்குப் பெரிய ற. அதுவும் ஒண்ணுக்கு ரெண்டா போட்டிருக்கான் பார், மூச்சு வாங்கும்ல. இறங்குறதுல என்ன இருக்கு? கால் மேல கால் போட்டுட்டு இறங்கலாம். சின்ன ர போதும்."

அத்தையிடம் சொல்லலாம்தான். அத்தைக்குச் சங்கிலியின் எந்தக் கண்ணி தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே தெரியும். எழுத்தென்றால், "அதெல்லாம் உங்க மாமா டிபார்ட்மென்ட்" என்று நகர்ந்துவிடுவாள். ஒன்பதாவதோடு நின்றவள் பன்னிரண்டாவதைத் திருத்துவதா என்று எனக்கும் தயக்கம். வாயைத் திறந்தேன். மாமா, "பெயின்டைக் கலக்கு" என்றார். கலக்கினேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து இறக்கத்தின் உச்சியிலும் ஐந்து இரக்கம் போய் உட்கார்ந்துவிட்டது.

சனிக்கிழமை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. கருணை முந்நூறு மீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறோம். அலுப்போடு ஏறி வருகிறவர், அப்பாடா, இனி சுகம்தான் என்று நினைத்து பிரேக்கை விட்டுவிட்டால்? அந்த இறக்கங்களில் சரளை கடலை கொட்டியதுபோல் உருளும். ஒருவர் முழங்கை தேய்ந்தால் போதும், பெட்டி திறக்கும், ஆறு சைக்கிளும் இன்னொரு வருடம் கூரையில் தொங்கும். அதற்குக் காரணம் மாமாவின் ஸ்டென்சில் அல்ல, என் வாய்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடையிலிருந்த பழைய சைக்கிளை எடுத்தேன். கூடையில் வெள்ளை டப்பா ஒன்று, நீல டப்பா ஒன்று, இரண்டு பிரஷ், பழைய செய்தித்தாள். ஓட்டம் ஏழரைக்குத்தான் தொடங்கும். அதற்குள் ஐந்து எழுத்து. வாயால் முடியாததைக் கையால் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

எழுத்து ஐந்துதான். ஆனால் பழைய 'ர'வின் மேல் வெள்ளை அடித்து, அது காய்ந்த பிறகுதான் நீலம் வைக்க முடியும். ஈரத்தில் வைத்தால் இரண்டும் கலந்து ஆகாய நீலமாகிவிடும். செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே நின்றேன். கீழே ஏரி முழுதாகத் தெரிந்தது. ஒரு எஞ்சின் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. நீர்க்கோழி ஒன்று கத்தியதும் எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னதும் தெளிவாகக் கேட்டது. வேறு ஒரு நாளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அன்று விசிறினேன், விசிறினேன், கை கழன்று விழுகிற மாதிரி விசிறினேன்.

முதல் போர்டு முடிந்தது. இரண்டாவதில் பொறுமை போய்விட்டது, வெள்ளை முழுதாகக் காயுமுன் 'ற' வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மூன்றாவது போர்டை அடைந்து டப்பாவைத் திறக்கிறேன், பின்னால் மணிச்சத்தம் கேட்கிறது. சரளையில் டயர்கள் மொறுமொறுவென்று ஏறிவரும் சத்தம். இவ்வளவு சீக்கிரமா?

பாதையோரம் ஒரு பெரிய பாறை இருந்தது. சைக்கிளையும் டப்பாக்களையும் அதன் பின்னால் இழுத்துப் போட்டு, நானும் ஒளிந்துகொண்டேன். நல்லது செய்கிறவள் ஏன் ஒளிய வேண்டும் என்று கேட்காதீர்கள். அது என் பழக்கம்.

முதலில் அத்தை வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்ஜினியரம்மா, பிறகு மாமா, பிறகு பல் டாக்டர், அவர் மனைவி, கடைக்கு வழக்கமாக வரும் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் மூச்சு இரைத்தது. பல் டாக்டர் மட்டும் இடது சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தபால்காரம்மா எங்க?" என்று கேட்டாள் அத்தை.

"பின்னாடி வருது. ஏத்தத்துல அது மாட்டுவண்டி, இறக்கத்துல ராக்கெட்" என்றார் மாமா.

அப்போது டாக்டரின் மனைவி போர்டைப் பார்த்தார். நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"இரக்கம்... முந்நூறு மீட்டர்."

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்னங்க, இங்க பாருங்க! நாப்பது வருஷமா உங்க வீட்டுல நான் தேடினது இங்க இருக்கு, அதுவும் முந்நூறு மீட்டருக்கு!"

அவ்வளவுதான். எல்லாரும் காலை ஊன்றிவிட்டார்கள். ஒருவர் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொருவர் போர்டுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்று, படம் எடுக்கச் சொன்னார். "எங்க மேனேஜரை இங்க கூட்டிட்டு வரணும்" என்றது ஒரு குரல். "கொஞ்சம் பேர்த்து எடுத்துட்டுப் போனா நம்ம தெருவுக்கு ஆகும்" என்றது இன்னொரு குரல்.

மாமாவின் காது சிவந்தது. பாறையின் இடுக்கு வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அது... வேணும்னுதான் அப்படிப் போட்டது" என்றார்.

"வாயை மூடுங்க" என்றாள் அத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு. "மானம் போகுது."

இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. அவர் இறங்கி, முன்னால் சரிந்து போகும் பாதையைப் பார்த்தார். திரும்பி, நின்றுகொண்டிருந்த பன்னிரண்டு சைக்கிள்களைப் பார்த்தார்.

"டாக்டர், அந்தக் கையை நீட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா..."

"நீட்டுங்க."

சட்டைக் கையை ஏற்றி நீட்டினார். முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. உள்ளங்கை முழுதும் வெள்ளைப் பெயின்ட்.

"ரெண்டாவது இறக்கத்துல தபால்காரம்மா என்னைத் தாண்டிப் பறந்தாங்க. நான் ஒதுங்கி, போர்டைப் பிடிச்சேன். போர்டு ஈரமா இருந்துச்சு" என்றார் டாக்டர், பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரைப்போல. "ஆனா பெட்டியைத் திறக்கல. கவனிங்க, திறக்கவே இல்ல."

"திறக்கல. திறந்திருக்கணும்." இன்ஜினியரம்மா யோசித்தார். "முதல் ரெண்டு இறக்கத்துலயும் நாம யாருமே வேகத்தைக் குறைக்கல. நான் உள்பட. இங்க மட்டும் எல்லாரும் நின்னுட்டோம். ஏன்?"

"அங்க போர்டு ஒழுங்கா இருந்துச்சு. படிச்சோம், போனோம்" என்றார் டாக்டரின் மனைவி. "ஒழுங்கா இருக்கிறதை யாரு நின்னு பார்க்கிறா?"

"அதேதான்." இன்ஜினியரம்மா அத்தையிடம் திரும்பினார். "அங்க யாரோ இன்னைக்குக் காலையில திருத்தியிருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தேவையில்ல. அந்த ரெண்டையும் மறுபடி பழையபடி தப்பாவே மாத்திடுங்க. இதே மாதிரி. மாத்தினா சாவி தர்றேன்."

அத்தையின் முகம் மலர்ந்தது. மாமாவின் முகமோ தேர்தலில் ஜெயித்த முகமாகிவிட்டது. "நான்தான் சொன்னேனே, அதுல ஒரு கணக்கு இருக்குன்னு!"

எல்லாருக்கும் மகிழ்ச்சி, கூரையில் தொங்கும் ஆறு சைக்கிளுக்கும் மகிழ்ச்சி. பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் தானாகவே முடிந்திருக்கும். பேசாமல் இருப்பதில் நான் கைதேர்ந்தவள் வேறு. ஆனால் ஈரம் காயாத அந்த இரண்டு 'ற'வும் கண்முன் வந்தன. அவற்றை அழித்து மறுபடி தப்பை எழுதப்போவதும் என் கைதான், வேறு யார் பெயின்ட் கலக்குவார்கள்?

"கூடாது!"

அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது என்று புரிவதற்குள் நான் பாறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் செய்தித்தாள், மூக்கில் வெள்ளைப் பெயின்ட்.

"பூச்சி!" என்றாள் அத்தை. "நீ எங்கடி இங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தொண்டை வழக்கம்போல் அடைக்கத் தொடங்கியது. முழுதாக அடைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

"தப்பு முதல் தடவைதான் சிரிப்பு. ரெண்டாவது தடவை வர்றவங்க அது தப்புன்னு தெரிஞ்சுட்டு நிக்காம போவாங்க. அப்ப விழுவாங்க. அப்புறம் சின்னப் பசங்க இதைப் படிச்சுட்டுப் போய்ப் பரீட்சையில எழுதும். நான்தான் திருத்தினேன். மூணாவதையும் திருத்துவேன்."

"இவ்ளோ வார்த்தையா?" என்றார் மாமா, வாயைப் பிளந்துகொண்டு. "இவ கிட்ட இருந்தா?"

இன்ஜினியரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. சரியா எழுதினா யாரும் நிக்கல, தப்பா எழுதக் கூடாதுங்கிற. அப்ப என்னதான் எழுதலாம்?"

இதற்குமேல் குரல் வரவில்லை. ஆனால் விடை வந்துவிட்டது. அது எனக்கு முன்னாலேயே அந்தப் பலகையில்தான் இருந்தது. நான் டப்பாவைத் திறந்தேன். 'ர'வின் மேல் வெள்ளை அடித்தேன். டாக்டரின் மனைவி என் கையிலிருந்து செய்தித்தாளை வாங்கி விசிறினார். காய்ந்ததும் 'ற' வைத்தேன். பலகையின் கீழ்ப்பாதி காலியாக இருந்தது. அங்கே, மாமாவின் ஸ்டென்சில் அளவுக்கே, இன்னும் இரண்டு வார்த்தை எழுதிவிட்டு விலகி நின்றேன்.

இறக்கம் 300 மீட்டர்.
இரக்கம் காட்டாது.

மாமா உதட்டை அசைத்துப் படித்தார். மேல்வரியில் விரலை வைத்தார், கீழ்வரியில் வைத்தார், மறுபடி மேலே போனார்.

"ரெண்டும் வேற வேறயா?" என்றார் மெதுவாக.

"பன்னிரண்டாவது பாஸ்" என்றாள் அத்தை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் இன்ஜினியரம்மா. "ஆனா நமக்கு இது தெரிஞ்சுபோச்சு. தெரியாத ஒருத்தர் நிக்கணும்." அவர் கீழே வளைவைப் பார்த்தார். தபால்காரம்மாவின் சிவப்புத் தொப்பி புதருக்கு மேலே ஆடி ஆடி ஏறி வந்துகொண்டிருந்தது. "எல்லாரும் ஓரமா ஒதுங்குங்க. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவங்க நின்னா சாவி. நிக்கலைன்னா அடுத்த வருஷம்."

சைக்கிள்களைப் புதருக்குள் தள்ளிவிட்டு, பாறைக்குப் பின்னால் பதினான்கு பேர் குந்தினோம். என் இடத்தில் இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. இரண்டு வருடம் அலுவலகத்துக்கு நடந்த நடை முழுதும் அந்தப் பிடியில் இருந்தது.

தபால்காரம்மா உச்சிக்கு வந்தார். ஏற்றம் முடிந்ததைக் கண்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. தொப்பியை இறுக்கினார். கியரை மாற்றினார். பெடலை ஒரு மிதி, இரண்டு மிதி. சைக்கிள் வேகம் எடுத்தது. "போச்சு" என்றார் மாமா, என் காதுக்குள்.

மூன்றாவது மிதியில் அவர் தலை போர்டின் பக்கம் திரும்பியது. தாண்டினார். தாண்டி நான்கு முழம் போனார். பிறகு பிரேக் கிறீச்சிட்டது. சரளை இரண்டு பக்கமும் தெறித்தது. காலை ஊன்றி, உந்தி உந்திப் பின்னால் வந்து, போர்டுக்கு நேராக நின்றார்.

"இறக்கம் முந்நூறு மீட்டர். இரக்கம் காட்டாது" என்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு மலையைப் பார்த்துக் கேட்டார். "யாருப்பா எழுதினது? அப்படியே என் மாமியார் பேசுற மாதிரியே இருக்கு!"

பாறைக்குப் பின்னால் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தோம். தபால்காரம்மா அலறியடித்துக்கொண்டு சைக்கிளோடு சாயப் பார்த்தார். இன்ஜினியரம்மாதான் பாய்ந்து போய் ஹேண்டில்பாரைப் பிடித்தார். "விழாதீங்க, தயவுசெஞ்சு இப்ப விழாதீங்க!" என்றார். அவர் சிரித்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அங்கேயே சாவியை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதைச் சேலை முந்தானையில் முடிந்தாள், அவிழ்த்தாள், சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், மறுபடி முடிந்தாள்.

"ஒரு விஷயம்" என்றார் இன்ஜினியரம்மா. "இந்தப் பொண்ணு சொன்னது சரி. ஒரே வரியை அஞ்சு இடத்துல வச்சா அஞ்சாவதுல யாரும் நிக்க மாட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொண்ணு வேணும். அப்பப்ப மாத்தவும் வேணும்."

"அதுக்கு நம்ம பூச்சி இருக்கா" என்றார் மாமா, தானே என்னைப் பெற்று வளர்த்ததுபோல. "ஸ்டென்சில் வெட்ட நான் இருக்கேன். அவ எழுதிக் குடுத்ததை மட்டும் வெட்டுவேன். ஒரு எழுத்து கூட என் இஷ்டத்துக்கு இல்ல."

மூன்றாவது இறக்கத்தில் எல்லாரும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. தபால்காரம்மாகூடத் தாண்டவில்லை. நான்காவது ஏற்றத்தில் என் பழைய சைக்கிளை டாக்டரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டார்கள். உச்சியில் நான்காவது போர்டு நின்றது, தன் சின்ன ர-வோடு. நான் டப்பாவைத் திறந்தேன். கூட்டம் சுற்றி நின்றுகொண்டது.

"பல்லு பத்திரம்னு எழுதும்மா" என்றார் டாக்டர்.

"சும்மா இருங்க, விளம்பரமா பண்றீங்க?" என்றார் அவர் மனைவி. "வளைவுக்கு அந்தப் பக்கம் கரடி இருக்குன்னு எழுது."

"கரடி இல்லையே?"

"இருந்தா போர்டு எதுக்கு?"

"மெதுவா போனா தபால், வேகமா போனா தந்தி!" என்று கத்தினார் தபால்காரம்மா.

"தந்திதான் இப்ப இல்லையே!"

"அதைத்தான் சொல்றேன், போய்ச் சேராது!"

மாமா இரண்டு கையையும் உயர்த்தினார். "என்னைக் கேட்டா, இந்த வளைவுல நான் ரிவர்ஸ்லயே..."

நான் பிரஷைப் பலகையிலிருந்து எடுத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க. எனக்கு யோசிக்கணும்."

எல்லாரும் பேசாமல் இருந்தார்கள்.